மண்ணில் ஒரு கணப்பு: கொடைக்கானல் குளிரில் கட்டியவனிடம் கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிறது எங்கள் வீடு. கூடத்தின் நடுவில், விறகு எரித்து வீட்டைச் சூடாக்க, ஆள் உயரத்துக்கு ஒரு மண் கணப்பு நிற்கிறது, அதை ஒட்டி ஒரு சின்னத் திண்ணை. செங்கல், களிமண், மணல், வைக்கோல், கொஞ்சம் இரும்பு, இவ்வளவுதான் சரக்கு. வந்து பார்ப்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். போனில் அரைகுறையாகச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். அதனால் இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன்.

இது பழைய பங்களாக்களில் இருக்கிற ஃபயர்பிளேஸ்தானே?

இல்லை. இரண்டுக்கும் பொதுவானது விறகு மட்டும்தான். வெள்ளைக்காரர் பங்களாவில் சுவரைக் குடைந்து வைத்த கணப்பு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சூட்டில் பெரும்பகுதி புகைப்போக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். அதோடு அறையில் இருக்கிற வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். வெளியிலிருந்து குளிர்காற்று கதவிடுக்கு வழியே உள்ளே வரும். முன்னால் உட்கார்ந்தால் முகம் வேகும், முதுகு விறைக்கும்.

மண் கணப்பின் உள்ளே இருக்கும் மூடிய எரியறைக்குள், நிறையக் காற்று கொடுத்து, ஒரு மணி நேரம் நெருப்பை வெறிகொண்டு எரிய விடுகிறோம். அந்தச் சூடு வெளியேறும் முன் அதை 2 டன் மண்ணும் செங்கல்லும் வாங்கி வைத்துக்கொள்கின்றன. நெருப்பு அணைந்த பிறகு அடுத்த 16 மணி நேரமோ அதற்கு மேலோ கணப்பின் உடம்பிலிருந்து சூடு மெல்ல வெளிவரும். மாலை 6 மணிக்கு எரித்தால் விடியற்காலை 5 மணிக்குக் கை வைத்துப் பார்க்கும்போதும் இதமாக இருக்கும். ராத்திரி எழுந்து விறகு தள்ளும் வேலையே இல்லை.

யார் கண்டுபிடித்தது?

ஒருவர் இல்லை. குளிர் நாடுகள் பலவும் தனித்தனியாக இதைக் கண்டடைந்திருக்கின்றன. கொரியாவில் தரைக்கு அடியில் புகையை ஓடவிட்டுத் தரையையே சூடாக்கும் ஓண்டோல் இருக்கிறது. வடசீனத்தில் படுக்கைத் திண்ணைக்குள் புகையை விடும் காங் உண்டு. ரஷ்ய கிராமத்து வீடுகளில் கணப்பின் மேலேயே ஏறிப் படுப்பார்கள். ஸ்வீடனில் விறகுத் தட்டுப்பாடு வந்தபோது, குறைந்த விறகில் நிறையச் சூடு தரும் கணப்பை உருவாக்கும் பொறுப்பை காரல் யோகான் க்ரூன்ஸ்டெட், ஃபேபியன் வ்ரேடே ஆகிய இருவரிடம் அரசு கொடுத்தது. 1767இல் அவர்கள் கொடுத்த வடிவத்தில் புகை நேராக மேலே போகாமல், செங்கல் வழிகளில் ஏறி இறங்கிச் சூட்டை இழந்த பிறகே வெளியேறும்.

நம் ஊர்க் கொடி அடுப்பும் இந்த வம்சம்தான் என்பேன். ஒரு வாயில் விறகு வைத்து, அதன் சூட்டை உள்வழியாகப் பக்கத்துக் குழிக்கு அனுப்பி, அங்கே குழம்பைச் சுண்டவைக்கிறோம். போகிற சூட்டைப் பிடித்து வேலை வாங்குவது என்ற யோசனை அதிலேயே இருக்கிறது.

உங்களுடையது எந்த வகை? எப்படி வேலை செய்கிறது?

இரண்டு பகுதி. உள்ளே இருப்பது எரியறை. வெளியே அதைச் சுற்றி நிற்பது கவிழ்த்த குடம்.

எரியறை, ஹாலந்துக்காரரான பீட்டர் வான் டென் பெர்க் பல ஆண்டுகள் சோதித்து எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்த அளவுகளில் கட்டியது. 6 அங்குலப் புகைக்குழாய்க்கு அவர் கணக்கு இது: எரியறையின் உள் அகலம் சுமார் 22 சென்டிமீட்டர், உயரம் 32, ஆழம் 43. பின்சுவரில் மேலும் கீழுமாக நிற்கும் ஒரு குறுகிய பிளவு, 24 சென்டிமீட்டர் உயரம், வெறும் 5 சென்டிமீட்டர் அகலம். அதற்குப் பின்னால் 90 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் நிமிர்ந்து நிற்கும் எரிகுழல். தீ அந்தப் பிளவில் நெருங்கிப் புகுந்து, குழலுக்குள் இரண்டு சுழலாகச் சுற்றி, புகையையும் சேர்த்து எரித்துவிடுகிறது. நன்றாக எரியும்போது காதில் விழும் சத்தம் பம்ப் ஸ்டவ் சத்தம்தான். அப்போது வெளியே போய்ப் புகைப்போக்கியைப் பார்த்தால் நீராவியைத் தவிர ஒன்றும் தெரியாது.

குடம் என்பது என் சொல். ரஷ்யாவில் ஈகோர் குஸ்னெத்சோவ் போன்றவர்கள் விரிவாகப் பயன்படுத்திய முறை இது. தண்ணீர் பிடிக்கக் குடத்தை நிமிர்த்தி வைப்போம், சூடு பிடிக்கக் கவிழ்த்து வைக்க வேண்டும். சூடான வாயு எடை குறைந்தது, மேலே போய் நிற்கும். சுவருக்குச் சூட்டைக் கொடுத்துக் கொடுத்துக் குளிர்ந்த வாயு கனத்துக் கீழே இறங்கும். வெளியேறும் வழியை அடியில் வைத்தால் ஆறிப்போனது மட்டும் வெளியே போகும். வளைந்து நெளிந்த வழிகள் கட்டத் தேவையில்லை, வெறும் காலிப் பெட்டி போதும். முதன்முதலாகக் கட்டுபவருக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

என் குடத்தின் உள்ளளவு 70க்கு 75 சென்டிமீட்டர், உயரம் 150. கூடவே 1.2 மீட்டர் நீளத்துக்கு உள்ளே காலியான திண்ணை. சூடு வாங்கும் உள்பரப்பு எல்லாம் சேர்த்து 5 சதுர மீட்டர் சொச்சம் வரும். 6 அங்குலக் குழாய்க்கு அதற்கு மேல் போகாதீர்கள். பேராசையில் பெரிதாகக் கட்டினால் புகை அளவுக்கு மீறி ஆறிப்போய், புகைப்போக்கியில் ஏறத் தெம்பில்லாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பும்.

எவ்வளவு விறகு? எவ்வளவு சூடு?

ஒரு தடவைக்கு 6, 7 கிலோ. நன்கு உலர்ந்த விறகில் கிலோவுக்கு 4 யூனிட் சொச்சம் சூடு இருக்கிறது. 7 கிலோவில் 29 யூனிட். அதில் முக்கால் பங்கு மண்ணில் தங்கும் என்று வைத்தால் 22 யூனிட். 1,400 வாட் கரண்ட் ஹீட்டரை 16 மணி நேரம் ஓடவிட்டதற்குச் சமம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் காலையில் இன்னொரு தடவையும் எரிப்போம்.

என்ன மண்? எங்கே எடுப்பது?

நீளமாகச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். எல்லாரும் செங்கல் கணக்கைக் கேட்கிறார்கள், மண்ணைப் பற்றி ஒரு வரி கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மேல்மண் வேண்டவே வேண்டாம். அதில் வேரும் மக்கும் கலந்திருக்கும். இரண்டடிக்குக் கீழே தோண்டி எடுங்கள். வீட்டுக்குப் பின்னால் படிக்கட்டு வயலின் கரை சரிந்த இடத்தில் எனக்கு நல்ல மண் கிடைத்தது. மழையில் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடம் எது என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், அங்கேதான் களி இருக்கிறது. புற்றுமண்ணும் அருமையானது, கரையான் ஏற்கெனவே சலித்துப் பிசைந்து வைத்த மண் அது. ஆனால் புற்றில் மஞ்சளும் குங்குமமும் இருந்தால் கை வைக்காதீர்கள். கணப்பு கட்டப் போய்க் கோவில் வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

முதல் சோதனை பாட்டில். ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி அசையாமல் ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று அடுக்கு பிரியும். எதில் எவ்வளவு என்று கண்ணாலேயே தெரியும். வண்டல்தான் ஏமாற்றும். ஈரத்தில் களி மாதிரி வழுக்கும், காய்ந்தால் ஒட்டாது.

அடுத்தது உருண்டை. சப்பாத்தி மாவு பதத்தில் பிசைந்து எலுமிச்சை அளவு உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். சிதறினால் களி போதாது. சப்பென்று தட்டையானால் தண்ணீரோ களியோ கூடிவிட்டது. லேசாக நசுங்கி, ஓரத்தில் ஓரிரு விரிசலோடு முழுதாக இருந்தால் நல்லது.

பிறகு கலவை. ஒரு பங்கு களிக்கு ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று பங்கு மணல் என்று நான்கு விதமாகக் கலந்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு செங்கல்லை ஒட்டி ஒரு வாரம் நிழலில் காயவிட்டேன். மேல் செங்கல்லைத் தூக்கும்போது கீழ்ச் செங்கல்லும் கூடவே வந்தது இரண்டரைப் பங்குக் கலவையில். ஒன்றரையில் இணைப்பு வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது, மூன்றில் உதிர்ந்தது. உங்கள் மண்ணுக்கு வேறு கணக்கு வரும், என் கணக்கைக் காப்பியடிக்காதீர்கள்.

களியை மூன்று நாள் ஊறவைத்து, கரைத்து, கொசுவலையில் வடிகட்டினேன். ஒரே ஒரு பொடிக்கல் இருந்தாலும் செங்கல் உட்காராது, ஏனென்றால் இணைப்பு 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். சாதாரணச் சுவர் மாதிரி அரை அங்குலச் சாந்து வைத்தால் காயும்போது அது சுருங்கிச் சுருங்கிக் கணப்பே ஒரு பக்கம் சாயும். மணலுக்கு நான் பூச்சு வேலைக்கு விற்கும் நைஸ் எம்-சாண்டைக் கழுவிப் பயன்படுத்தினேன். உருண்டையான ஆற்றுமணலைவிட முனை கூரான மணலே நன்றாகக் கவ்வும்.

எரியறைக்குள் மட்டும் மணல் வேண்டாம். 573 டிகிரியில் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் திடீரென்று உப்பும், ஆறும்போது சுருங்கும். தினமும் இப்படி உப்பிச் சுருங்கினால் இணைப்பு உதிர்ந்துவிடும். அங்கே மணலுக்குப் பதில் நெருப்புச் செங்கல்லை இடித்த பொடி போடுங்கள். சுர்க்கி என்று சொன்னால் பழைய கொத்தனார்களுக்குச் சட்டென்று புரியும்.

ஏன் சிமெண்ட் கூடாது?

எங்கள் மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல். நாற்பது வருஷம் சிமெண்டில் வேலை பார்த்த கை. முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, சுத்த மண்ணுல எழுப்பச் சொல்றீங்க. ஒரு கைப்பிடி சிமெண்டாவது போட்டுக்கிறேன், மனசு கேக்க மாட்டேங்குது."

நான் வேண்டாம் என்று மன்றாடினேன். சரி என்றார். ஆனால் நான் பஜாருக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் பின்பக்க இடது மூலையில் ஐந்து வரிசைக்குத் தன் மனசு கேட்டபடி செய்துவிட்டார். எனக்குத் தெரியாது. நான்காவது வாரம் முழு நெருப்பு வைத்தபோது அந்த மூலையில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்தது, செங்கல்லையே பிளந்துகொண்டு. "அண்ணே, இங்க மட்டும் ஏன்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கரணையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்துவிட்டார்.

காரணம் எளிது. 400 டிகிரியைத் தாண்டினால் இறுகிய சிமெண்டுக்குள் இருக்கும் சுண்ணாம்புச் சேர்மம் தண்ணீரை இழந்து சிதையத் தொடங்கும். வெளிச்சுவரில் அவ்வளவு சூடு வராது என்றாலும் வேறு சிக்கல் இருக்கிறது. சிமெண்ட் செங்கல்லைவிடக் கெட்டி. சூட்டில் சுவர் அசையும்போது இணைப்பு விட்டுக்கொடுக்காது, செங்கல்தான் உடையும். மண் இணைப்பு விட்டுக்கொடுக்கும், மயிரிழை விரிசலோடு நிற்கும். அதைக் களிக்கரைசல் தேய்த்து அடைத்துவிடலாம். வேண்டாதபோது பிரிக்கவும் முடியும். அந்த மூலையைப் பிரிக்கும்போது மண் வைத்த செங்கல் எல்லாம் முழுசாக வந்தன, தண்ணீரில் கழுவி மறுபடி வைத்தோம். சிமெண்ட் வைத்தவை குப்பைக்குப் போயின.

செங்கல் எத்தனை?

என் கணக்கு: சூளைச் செங்கல் 400, நெருப்புச் செங்கல் 70. நெருப்புச் செங்கல் எரியறைக்கும் குழலுக்கும் மட்டும். நகரத்தில் உலை, பாய்லர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஐ.எஸ். 6, ஐ.எஸ். 8 என்று கேட்பார்கள். இந்த வேலைக்கு ஐ.எஸ். 6 போதும்.

சூளைச் செங்கல் வாங்கும்போது ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், கணீரென்று வர வேண்டும். நான் முதலில் வாங்கிய லோடில் பாதி வேகாத கல். நனைத்ததும் ஓரம் கரைந்தது. லோடு இறக்கிய பிறகு பேசிப் பயனில்லை, நூறு கல்லாவது தட்டிப் பார்த்து ஏற்றுங்கள். வேகாத கல் தோட்டத்துப் பாத்தி வரப்புக்குப் போனது.

எரிகுழலைச் சுற்றி என்ன வைத்தீர்கள்?

உமிச்சாம்பல். அரிசி ஆலை பாய்லரில் எரிந்து வெள்ளையாக வரும் சாம்பல், கீழே சமவெளியிலிருந்து இரண்டு மூட்டை கொண்டுவந்தேன். எஃகு ஆலைகளிலேயே உருகிய இரும்பின் மேல் சூடு போகாமலிருக்க இதைத் தூவுவார்கள். கொஞ்சம் களிக்கரைசலில் புட்டு மாவு பதத்துக்குப் பிசிறி, குழலுக்கும் வெளியே சுற்றிய தகரத்துக்கும் நடுவில் இரண்டு அங்குலத்துக்கு இடித்து நிரப்பினேன். குழலின் சூடு வெளியே கசியாமல் உள்ளேயே ஏற வேண்டும், அப்போதுதான் புகை எரியும். சாம்பலைக் கையாளும்போது மூக்கை மூடும் மாஸ்க் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

எரியறைக்கும் குடத்துச் சுவருக்கும் நடுவில் எங்கேயும் செங்கல் ஒட்டக் கூடாது. எரியறை சூட்டில் நீளும். இடம் விடாவிட்டால் வெளிச்சுவரைத் தள்ளிப் பிளக்கும். முன்பக்கம் கதவுக்கு அருகே இரண்டும் சந்திக்கிற இடத்தில் செராமிக் ஃபைபர் நாடா வைத்தேன்.

குடத்தின் மேல்மூடிக்குக் கடப்பா கல் போடலாமா?

நான் போட்டேன். சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டு அங்குலக் கடப்பா பலகை, பார்க்கத் திடமாக இருந்தது, தூக்கி வைக்க நான்கு பேர். முதல் குளிர்காலம், தை மாதம், ராத்திரி சாப்பாட்டு நேரம். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். தட்டோடு எழுந்துவிட்டோம். பார்த்தால் பலகை குறுக்கே இரண்டாகப் பிளந்து, இடுக்கு வழியே புகை நூல் மாதிரி எழுந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு, நெருப்பு தணியும்வரை வாசலில் குளிரில் நின்றோம்.

கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. குடத்தின் உச்சிதான் இருப்பதிலேயே சூடான இடம், எரிகுழலின் வாய்க்கு நேர் மேலே. ஒரே பலகையின் நடுப்பகுதி கொதிக்க, ஓரம் ஆறியே இருந்தால் எந்தக் கல்லும் தாங்காது. கருங்கல்லும் அப்படித்தான், அதில் குவார்ட்ஸ் வேறு இருக்கிறது. இப்போது இரும்பு டி-ஆங்கிள் கம்பிகளைப் போட்டு, நடுவில் நெருப்புச் செங்கல் அடுக்கி, மேலே இன்னொரு வரிசை செங்கல், அதற்கு மேல் 10 சென்டிமீட்டர் மிதிமண். கம்பியின் இரு முனையிலும் நீள இடம் விட்டிருக்கிறேன். ஐந்து குளிர்காலம் போய்விட்டது, அசையவில்லை.

வெளிப்பூச்சு?

களி, மணல், விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல், புளித்த சாணம். காலால் மிதித்து ஒரு நாள் ஊறவிட்டு, இரண்டு அங்குலத்துக்குப் பூசினோம். அலங்காரம் மட்டுமில்லை, இதுவே 500 கிலோவுக்கு மேல் வரும், சூட்டைப் பிடித்து வைக்கும் பாரத்தில் கால்பங்கு. மேலே சுண்ணாம்பு. சாண வாடை வருமா என்று தயங்காதீர்கள், காய்ந்த பிறகு இல்லை.

அஸ்திவாரம்?

2 டன் எடை ஒரு சதுர மீட்டர் சொச்சத்தில் உட்காருகிறது. மரத்தளத்தில், மாடியில் வேண்டவே வேண்டாம். நான் தரையை உடைத்து, இரண்டடி தோண்டி, கருங்கல் சக்கை நிரப்பி இடித்து, மேலே தளம் போட்டேன். வீட்டுச் சுவரோடு இணைக்காதீர்கள். மலையில் மழைக்காலத்தில் மண் நகரும், இரண்டும் தனித்தனியாக அசையட்டும்.

புகைப்போக்கி எவ்வளவு உயரம்?

6 அங்குலக் குழாய், கூரையை விட்டு மூன்றடியாவது மேலே எழ வேண்டும். பத்தடிக்குள் இருக்கும் கூரை முகடு, மரம் எதுவாக இருந்தாலும் அதைவிட இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும். கூரையில் மரச்சட்டம் இருந்தால் ஒற்றைத் தகடுக் குழாய்க்கும் சட்டத்துக்கும் ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள், முடியாவிட்டால் இரட்டைச் சுவர்க் குழாய் வாங்குங்கள். இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நாங்கள் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். இங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒரே அளவு ஆக்சிஜன் கிடைக்கக் கூடுதல் காற்று உள்ளே வர வேண்டும், மெலிந்த காற்று என்பதால் இழுப்பும் சற்றுக் குறையும். அதனால் குழாயை இரண்டடி கூட்டினேன். தரையோரமாக வெளியிலிருந்து எரியறைக்கு 4 அங்குலக் காற்றுக்குழாய் ஒன்றும் வைத்தேன். வீட்டை நன்றாக அடைத்துக் கட்டியிருப்பவர்களுக்கு இது கட்டாயம்.

பற்றவைக்கும்போது புகை வீட்டுக்குள் வருகிறது. ஏன்?

குழாய் குளிர்ந்திருக்கிறது. மூடுபனி நாளில் புகைப்போக்கிக்குள் கனத்த குளிர்காற்று அடைத்துக்கொண்டு நிற்கும், எவ்வளவு விறகு வைத்தாலும் ஏறாது. புகைப்போக்கியின் அடியில் சாம்பல் எடுக்க ஒரு சின்னக் கதவு வைத்திருப்பீர்கள் அல்லவா, அதைத் திறந்து இரண்டு தாள் நாளிதழைக் கசக்கி எரியுங்கள். பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு எரியறையில் தீ வையுங்கள். விறகை மேலிருந்து பற்றவைப்பது நல்லது, அடியிலிருந்து அல்ல.

எந்த விறகு?

எது உலர்ந்ததோ அது. இங்கே யூகலிப்டசும் சீகை என்கிற வாட்டில் மரமும் கிடைக்கின்றன. மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்து, ஒரு முழுக் கோடை காற்றோட்டமாக அடுக்கி, மழை படாமல் மூடி வைத்தது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு துண்டைத் தட்டினால் மட்டையடித்த சத்தம் வர வேண்டும், 'தொப்' என்று வந்தால் இன்னும் ஆகவில்லை. ஈர விறகில் சூட்டின் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும், சரியாக எரியாத புகை கரிப்பிசினாகக் குழாயில் ஒட்டும்.

பிளைவுட், பெயிண்ட் அடித்த பழைய கதவு, பால் பாக்கெட் எதுவும் உள்ளே போகக் கூடாது. காட்டுக்குள் போய் வெட்டுவதும் கூடாது. காப்புக்காட்டில் வழக்கு, பட்டா நிலத்து மரத்துக்கே மலைப்பகுதியில் அனுமதி வேண்டும். அனுமதியோடு வெட்டியதை வாங்குங்கள்.

தணலோடு மூடிவைத்தால் ராத்திரி முழுக்கச் சூடு இருக்குமே?

இதைக் கேட்பவர்களிடம் மட்டும் நான் குரலை உயர்த்திவிடுவேன். செய்யாதீர்கள்.

காற்றில்லாமல் புழுங்கும் தணல் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு வாடை இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது. தலை கனக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழாத செய்தியைக் குளிர்காலத்தில் நீங்களும் படித்திருப்பீர்கள். புகை வராத கரிதானே என்ற நினைப்புதான் அவர்களைக் கொன்றது.

மண் கணப்பில் தணலை மூடிக் காக்கும் தேவையே இல்லை, சூடு ஏற்கெனவே சுவருக்குள் போய்விட்டது. கணப்பின் கதவைத் திறந்தே எரியுங்கள் என்று சொல்லவில்லை. காற்று வழியைத் திறந்தே வையுங்கள் என்கிறேன். தணல் மேல் நீலச் சுடர் ஆடும்வரை, புகைப்போக்கியை மூடும் தகடான அடைப்பான் பக்கம் கை போகக் கூடாது. அது முழுதாக அடங்கி, சாம்பலுக்குள் ஓரிரு சிவப்புப் புள்ளி மட்டும் மிஞ்சும்போது அடைக்கலாம். என் அடைப்பான் தகட்டில் ஒரு மூலையை வெட்டி எடுத்திருக்கிறேன், தவறிச் சாத்தினாலும் வழி இருக்கும். ஆயிரங்களில் கிடைக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கை அறையில் தொங்குகிறது. கணப்பு கட்டக் காசு இருந்து இதற்கு இல்லையென்றால் கணப்பு கட்டாதீர்கள்.

கட்டி முடித்ததும் எரிக்கலாமா?

மூன்று வாரம் பொறுங்கள். கட்டும்போது உள்ளே போன தண்ணீர் வாளிக்கணக்கு. முதல் வாரம் கதவைத் திறந்து சும்மா காயவிட்டோம். இரண்டாம் வாரம் தினமும் கைப்பிடிச் சுள்ளி. மூன்றாம் வாரம் ஒரு கிலோ, இரண்டு கிலோ. சுவர் வியர்க்கும், வெளிப்பூச்சில் திட்டுத்திட்டாக ஈரம் தெரியும், பயப்பட வேண்டாம். அவசரப்பட்டுப் பெரிய தீ வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வரும்.

செலவு?

கூலி போக 40 ஆயிரத்துக்குள். மண்ணுக்குக் காசில்லை. அதிகம் விழுங்கியது இரும்புக் கதவும் குழாயும். கதவை வெல்டிங் பட்டறையில் செய்தோம், வெப்பம் தாங்கும் கண்ணாடி வைத்து. கண்ணாடி வேண்டாம் என்றால் இன்னும் குறையும். ஆனால் மாலையில் பிள்ளைகள் டிவியை விட்டுவிட்டுப் பார்ப்பது அந்தக் கண்ணாடியைத்தான்.

பராமரிப்பு?

வாரம் ஒருமுறை சாம்பல். வருடம் ஒருமுறை குடத்தின் அடியிலும் திண்ணையிலும் இருக்கும் சின்னக் கதவுகளைத் திறந்து பறந்துபோய்ப் படிந்த சாம்பலை அள்ளுவது, குழாயில் பிரஷ் விடுவது. கட்டும்போது அந்தக் கதவுகளை மறந்துவிடாதீர்கள். பிறகு சுவரைத்தான் இடிக்க வேண்டும்.

சென்னையில் கட்டலாமா?

எதற்கு?

நாங்கள் கனடாவில், ஜெர்மனியில் இருக்கிறோம். நாங்களே கட்டலாமா?

கட்டலாம், ஆனால் மண்ணில் கை வைக்கும் முன் பேப்பரில் கை வையுங்கள். கனடாவில் வீட்டு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் விறகுக் கணப்புக்கு 'வெட்' எனப்படும் பரிசோதனைச் சான்று கேட்பது வழக்கம். ஜெர்மனியில் உங்கள் வட்டாரத்துக்குரிய புகைப்போக்கி அதிகாரி பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் எரிக்க முடியும். கட்டி முடித்துவிட்டுக் கூப்பிடுவதைவிட வரைபடத்தோடு முதலிலேயே போவது நல்லது. அங்கெல்லாம் இதைத் தொழிலாகவே செய்யும் கணப்புக் கொத்தனார்கள் இருக்கிறார்கள், உள் எரியறையை அவர்களிடம் கொடுத்துவிட்டு வெளிப்பூச்சை நீங்கள் செய்யலாம்.

இதில் சமைக்க முடியுமா?

என்னுடையதில் அடுப்புக்கண் வைக்கவில்லை. தணலில் சீனிக்கிழங்கும் உருளையும் சுடுகிறோம். ஆனால் வீட்டுக்காரி கண்ட பயன் வேறு. மலைக்கு வந்த நாள் முதல் எங்களுக்கு இட்லி மாவு புளித்ததில்லை. இரண்டு நாள் வைத்தாலும் அரைத்த மாதிரியே இருக்கும், கம்பளி சுற்றிப் பார்த்தோம், வெந்நீரில் வைத்துப் பார்த்தோம். கல்லு மாதிரி இட்லி தின்று பழகிவிட்டோம். இப்போது ராத்திரி மாவுப் பாத்திரம் திண்ணையின் கோடியில், சூடு இளம் இதமாக இருக்கும் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. பக்கத்தில் தயிருக்கு உறை ஊற்றிய சட்டி. அதற்குப் பக்கத்தில் பூனை. எனக்கு இடம் கிடைக்கிறபோது கதவோரம், முதுகு வேகிற இடம்தான் மிச்சம்.